தருமபுரியின் ஃபுளூரைடு: மூன்று தலைமுறைகள் குடித்த நீர்

சூழல் மாசு என்றவுடன் ஆலைப் புகையும் சாயக்கழிவும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீரும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கம்பைநல்லூர் அமைந்திருக்கும் தருமபுரி மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக மக்களின் பல்லையும் எலும்பையும் சிதைத்து வந்த நஞ்சு எந்த ஆலையிலிருந்தும் வெளியேறியதன்று. நிலத்தடிப் பாறையிலிருந்து குடிநீரில் கரைந்து வந்த ஃபுளூரைடு அது. இயற்கையாக வந்த கேட்டில் நீதி, அநீதி என்ற பேச்சுக்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் உண்டு. பாறையில் ஃபுளூரைடு இருப்பதற்குச் சாதி காரணமன்று என்பது உண்மையே. ஆனால் அந்த நீரை யார், எந்தக் காலத்தில், எத்தனை ஆண்டுகள் வேறு வழியின்றிக் குடித்தார்கள் என்பதைச் சாதியும் நிலவுடைமையும் அரசின் திட்டங்களும் சேர்ந்தே தீர்மானித்தன. அதனால்தான் இதனைத் தலைமுறை வாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உடலில் நிகழ்வது என்ன?

தருமபுரியின் நிலத்தடியில் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறைகளே உள்ளன. அவற்றிலுள்ள அப்படைட், பயோடைட் முதலிய கனிமங்களில் ஃபுளூரைடு இருக்கிறது. பாறை இடுக்குகளில் நீர் நெடுங்காலம் தங்கும்போது அது கரைகிறது. காரத்தன்மை மிகுந்தும் கால்சியம் குறைந்தும் உள்ள நீரில் அதன் அளவு மேலும் கூடுகிறது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வரையறைப்படி, ஒரு லிட்டர் குடிநீரில் ஃபுளூரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 மில்லிகிராம் வரை ஏற்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5 மில்லிகிராம்தான். ஃபுளூரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. நீரைக் கொதிக்க வைத்தால் அது நீங்காது. நீர் ஆவியாவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும்.

ஒருவரின் வயதே பாதிப்பின் வடிவத்தை முடிவு செய்கிறது. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் ஏறத்தாழ எட்டு வயது வரையிலான பருவத்தில் மிகுதியான ஃபுளூரைடு உட்சென்றால், பல்லில் வெண்திட்டுகளும் பழுப்புக் கறைகளும் தோன்றி வாழ்நாள் முழுவதும் நிலைத்துவிடும். வளர்ந்த பின் அந்நீரைக் குடிக்கத் தொடங்கியவருக்குப் பல்லில் கறை தோன்றாது. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து குடித்தால் மூட்டுகள் இறுகும், முதுகு வளையும், முற்றிய நிலையில் நரம்புகள் நசுங்கி நடமாட்டமே முடங்கும். வெயிலில் உழைப்பவர் கூடுதலாக நீர் குடிப்பதால் அவருடைய உடலில் சேரும் அளவும் கூடுதல். கால்சியமும் புரதமும் குறைந்த உணவு கேட்டை விரைவுபடுத்தும். ஒரே குழாயில் நீர் பிடிக்கும் இருவரில் வயலில் கூலிவேலை செய்பவரே முதலில் பாதிக்கப்படுகிறார்.

மூன்று தலைமுறைகள்

நம் பாட்டன், பாட்டிகளின் காலத்தில் ஊர்ப் பொதுக்கிணறு தலித்துகளுக்கு மூடப்பட்டிருந்தது. இரட்டைமலை சீனிவாசனின் முயற்சியால் 1924-இல் சென்னை சட்டமன்றம் பொதுச்சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை எனத் தீர்மானம் நிறைவேற்றியது. 1938-இல் எம்.சி. ராஜாவின் முன்னெடுப்பில் குடிமை உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. அரசமைப்பின் 15(2) பிரிவு கிணறுகளையும் குளங்களையும் வெளிப்படையாகப் பெயர் சுட்டியே பாதுகாத்தது. எனினும் நடைமுறையில், சாதி இந்துக்கள் யாரேனும் இறைத்து ஊற்றும் வரை காத்திருப்பதும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவதுமே சேரியின் வழியாக இருந்தது. அத்தலைமுறையை அச்சுறுத்தியவை பெரும்பாலும் காலராவும் வயிற்றுப்போக்கும்.

அடுத்த தலைமுறை அடிபம்பின் தலைமுறை. 1960-களின் நடுப்பகுதியில் நேர்ந்த கடும் வறட்சிக்குப் பின், கடினப் பாறையையும் துளைக்கும் இயந்திரங்கள் யுனிசெஃப் உதவியுடன் இந்தியாவுக்கு வந்தன. 1970-களில் ‘இந்தியா மார்க் 2’ அடிபம்பு உருவானது. காலனிக்கென்று தனியாக ஒரு பம்பு கிடைத்தது. யாரிடமும் கையேந்தாமல் நீர் பிடிக்க முடிந்ததை அன்றைய பெண்கள் விடுதலையாகவே உணர்ந்திருப்பார்கள். அதையும் சாதி விட்டுவைக்கவில்லை. கர்நாடகத்தில் புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் தலித்துகள் நீர் எடுப்பதைத் தடுத்தவர்கள் மீதான தண்டனையை, ‘கர்நாடக அரசு எதிர் அப்பா பாலு இங்களே’ வழக்கில் 1992-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் நிலைநாட்ட வேண்டியிருந்தது.

கிருமிகளிடமிருந்து காப்பாற்றிய அதே ஆழ்துளை, பாறையில் ஊறிய நீரைக் குடிக்கக் கொடுத்தது. வங்கதேசத்திலும் இதுவே நடந்தது. வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970-களில் இலட்சக்கணக்கில் நிறுவப்பட்ட குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் இருப்பது 1993-இல்தான் கண்டறியப்பட்டது. ஆனால் நம் அரசுகளால் அறியாமையைக் காரணம் காட்ட இயலாது. அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் எலும்பு ஃபுளூரோசிஸ் இருப்பதை எச்.இ. ஷார்ட் தலைமையிலான மருத்துவர்கள் 1937-இலேயே பதிவு செய்துவிட்டார்கள். அடிபம்புகள் பரவலானது அதற்கு முப்பது, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர்.

நிலவுடைமையின் பங்கும் இத்தலைமுறையில்தான் வெளிப்பட்டது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்தின் கீழுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலவுடைமையாளருக்கு உண்டு. நிலமற்றவருக்கு அந்த உரிமை இல்லை. மோட்டார்கள் பெருகி நீர்மட்டம் இறங்க இறங்க, பொதுத் துளைகளும் ஆழமாயின. 2003-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013-இல் நீக்கப்பட்டது.

மூன்றாம் தலைமுறை ஒகேனக்கல் நீரின் தலைமுறை. ஜப்பானியக் கடனுதவியுடன் ஏறத்தாழ 1,928 கோடி ரூபாயில் நிறைவேற்றப்பட்ட ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வந்தது பெரும் மாற்றம். அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குழாயின் கடைசியில் இருக்கும் குடியிருப்புக்கு அழுத்தம் குறைந்த நாளில் என்ன வருகிறது என்பதே கேள்வி. பற்றாக்குறை நேரும்போது உள்ளூர் ஆழ்துளை நீரையும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றினால், குழாயில் வருவது காவிரியா பாறை நீரா என்பதைக் குடிப்பவர் அறிய வழியில்லை. வசதியுள்ளவர் கேன் தண்ணீருக்கு மாறிக்கொள்கிறார். கூலிக் குடும்பம் பழைய பம்புக்கே திரும்புகிறது.

சட்டம் காணத் தவறும் இடம்

பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் ‘மாசு செய்தவரே ஈடு செலுத்த வேண்டும்’ என்ற கோட்பாட்டை நிலைநாட்டியது. அங்கே சுட்டிக்காட்ட ஆலைகள் இருந்தன. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டபோது, அது வன்கொடுமை என்பதை விளக்கத் தேவையிருக்கவில்லை. பட்டியல் சாதியினர் பயன்படுத்தும் நீராதாரத்தைக் கெடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவின் கீழ் குற்றம். ஃபுளூரைடு வழக்கில் நிறுத்துவதற்குக் குற்றவாளி இல்லை. ஆகவே இழப்பீடும் இல்லை.

ஆனால் கடமைப்பட்டவர் இருக்கிறார். மாசற்ற நீரைப் பெறுவது 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சுபாஷ் குமார் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவதை 47-ஆம் பிரிவு அரசின் கடமையாக்குகிறது. அறிந்த ஆபத்தை நீக்காமல் விட்டதும் உரிமை மீறலே என்று வாதிட இவை போதுமான அடித்தளம். மேலும், எலும்பில் சேர்ந்த ஃபுளூரைடு புதிய குழாய் வந்ததால் கரைந்துவிடுவதில்லை. 2013-க்கு முன் குடித்தவர்களின் முடக்கத்துக்கு அத்திட்டம் மருந்தாகாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் அட்டவணையில் ஃபுளூரோசிஸ் பெயரளவில்கூட இடம்பெறவில்லை. முடங்கியவர் இயக்கக் குறைபாடு என்ற பொதுத் தலைப்பின் கீழ்தான் சான்று பெற வேண்டும். சான்றிலும் குடிநீர்தான் காரணம் என்பது இடம்பெறுவதில்லை. கறை படிந்த பல்லோ, பல் துலக்காதவரின் அடையாளமாகத் தவறாகக் கொள்ளப்படுகிறது. ‘அழுக்கானவர்கள்’ என்று ஏற்கெனவே இழிவுபடுத்தப்பட்ட மக்களுக்கு அது இன்னொரு இழிவு.

நாம் செய்யக் கூடியவை

முதலாவதாக, தெருவாரியாக நீர்ப் பரிசோதனை வேண்டும். மாவட்டச் சராசரி காலனியின் கடைசிக் குழாயைப் பற்றி எதுவும் சொல்லாது. ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றுக்கும் மேல்நிலைத் தொட்டிக்குமான பரிசோதனை முடிவுகளையும், கூட்டுக்குடிநீருடன் உள்ளூர் நீர் கலக்கப்படும் நாள்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் கோரலாம். கம்பைநல்லூர் போன்ற பேரூராட்சிகளில் விண்ணப்பம் செயல் அலுவலருக்குச் செல்ல வேண்டும். ஊராட்சிகளில் அம்முடிவுகளைக் கிராம சபையில் வாசிக்கச் செய்து தீர்மானமாக்கலாம்.

இரண்டாவதாக, கல்லூரி மாணவர்கள் ஓர் எளிய பட்டியலைத் தொகுக்கலாம்: பிறந்த ஆண்டு, எட்டு வயது வரை குடித்த நீராதாரம், இன்று குடிக்கும் நீராதாரம், பல்லின் நிலை, மூட்டு வலி. பெயர்களை வெளியிடாமல், உரியவரின் ஒப்புதலுடன் திரட்டப்படும் இப்பட்டியலை ஊர்த் தெருவுக்கும் காலனிக்கும் தனித்தனியே தயாரித்து ஒப்பிட வேண்டும். 2013-க்குப் பின் பிறந்த குழந்தைகளின் பற்களே ஒகேனக்கல் நீர் உண்மையில் எந்தத் தெரு வரை சென்றது என்பதற்கான சான்று. நீதிமன்றத்தில் நாம் வைக்கக்கூடிய ஆவணமாகவும் அது அமையும்.

மூன்றாவதாக, முடங்கிய முதியோருக்கு அவர்கள் வாழும் குடியிருப்பிலேயே மருத்துவ முகாம் நடத்தி, மாற்றுத்திறனாளிச் சான்றும் ஓய்வூதியமும் வழங்குமாறு மாவட்ட ஆட்சியரிடம் கூட்டாக மனு அளிக்க வேண்டும். தேசிய ஃபுளூரோசிஸ் தடுப்புத் திட்டம் 2008-09 முதல் நடைமுறையில் இருப்பதால், நோயாளிகளைக் கண்டறிவதும் மறுவாழ்வு அளிப்பதும் அரசே ஏற்றுக்கொண்ட பொறுப்புகள். அப்பொறுப்புகளைப் பெயர், தெரு, ஆண்டு வாரியாகக் கணக்கிட்டு மனுவுடன் இணைத்தால்தான், பாறையைக் காட்டிக் கைவிரிக்கும் பதிலை நாம் மறுக்க முடியும்.