கூசாமல் ஏறும் கடை

மதுரை மேலமாசி வீதியில் ஒரு மாடி வீடு இருக்கிறது. 1921-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ம் தேதி மகாத்மா காந்தி சட்டையையும் தொப்பியையும் துறந்து, அரைத் துண்டு மாத்திரம் தரிக்கத் தொடங்கியது அந்த வீட்டிலேதான். கதர் வாங்கத் தங்களுக்குச் சக்தியில்லை என்று ரயிலில் உடன் வந்த ஏழைகள் சொன்னது அவர் உள்ளத்தை உறுத்திற்று. பிற்காலத்தில் அதே கட்டிடத்தில் கதர்க் கடை அமைந்தது.

துணியைத் துறந்த இடத்தில் துணி வியாபாரமா என்று சிலர் நகைக்கலாம். ஆனால், ஆண்கள் ஜவுளிக் கடை வைக்க விரும்புவோருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை. அரைத் துண்டு கட்டிய மனிதனும் கூசாமல் படியேறும்படி இருக்க வேண்டும் கடை.

விழுப்புரத்தை அடுத்த காணையில் ஓர் இளைஞர் அத்தகைய கடை திறப்பதாக வைத்துக்கொள்வோம். காணை, ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை ஊர். சுற்றிலும் விவசாயக் கிராமங்கள். இளைஞருக்கு முதலில் தோன்றுவது கண்ணாடிக் கதவும், குளிர்சாதனமும், கோட்டுப் போட்ட பொம்மையுந்தான். வயலிலிருந்து வந்த பெரியவர் அந்தக் கதவைத் தள்ளுவதா, இழுப்பதா என்று ஒரு கணம் யோசிப்பார். பிறகு தம் காலிலுள்ள சேற்றைப் பார்த்துக்கொண்டு அப்பால் போய்விடுவார்.

2014-ம் வருஷத்தில் சென்னைக் கிளப் ஒன்றில், வேட்டி கட்டி வந்த ஹைக்கோர்ட் நீதிபதிக்கே அனுமதி மறுத்தார்கள். அதன் பேரில் அவ்வருஷமே வேட்டிக்குத் தடை போடுவதைக் குற்றமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் நிறைவேறியது. சட்டம் கதவைத் திறந்துவிடும். "உள்ளே வாருங்கள்" என்று அழைக்க வேண்டியது கடையின் அமைப்பல்லவா?

அந்தக் காலத்து ஜவுளிக் கடைகளில் மெத்தை விரித்து, அதன் மேல் வெள்ளைத் துப்பட்டி போட்டிருப்பார்கள். வாங்குபவர் சப்பணமிட்டு அமர, துணி அவர் மடியிலேயே வந்து விழும். அதில் ஒரு மூலையையாவது காப்பாற்றலாம். முழங்கால் உயரத்தில் ஒரு மரமேடை, மேலே பவானி ஜமக்காளம். வேட்டி, துண்டு வியாபாரத்துக்கு அது போதும். நாலு முழமும் எட்டு முழமும் தனித்தனி அடுக்காக, கரை வெளியே தெரியும்படி இருக்கட்டும். விலையைத் தமிழில் பெரிதாக எழுதி வைத்தால், கையிருப்புக் குறைந்தவர் வாய்விட்டுக் கேட்டுக் கூச வேண்டியதில்லை.

அடுத்தது வெளிச்சம். மட்டமான விளக்கின் கீழ் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகவே தோன்றும். வீட்டுக்குப் போன பிறகுதான் குட்டு வெளிப்படும். ஆகையால் துணியைப் பிரித்துக் காட்டும் மேஜை வாசலருகே, பகல் வெளிச்சம் படும் இடத்தில் இருப்பது நலம். மின்விளக்கு வாங்கும்போது, நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்குரிய எண் 100-க்கு 90-க்குக் குறையாததாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் நேர் வெயில் துணி அடுக்குகளின் மேல் விழலாகாது, சாயம் வெளுத்துவிடும்.

உடுத்திப் பார்க்கும் அறையைப் பலர் பீரோவைப் போலக் கட்டிவிடுகிறார்கள். எட்டு முழ வேட்டி 12 அடி நீளம். கையை வீசாமல் அதைக் கட்ட முடியுமா? ஐந்தடிச் சதுரமாவது வேண்டும். உள்ளே இரண்டு கொக்கிகளும், வயோதிகர் உட்கார ஒரு முக்காலியும், உறுதியான தாழ்ப்பாளும் அவசியம். வெளியே ஆளுயரக் கண்ணாடி. அதன் எதிரே ஒரு பெஞ்சு. உடுத்துவது ஆணாயினும் தீர்ப்புச் சொல்வது வீட்டு அம்மாளே என்பது நேயர்கள் அறிந்த விஷயம். நீதிபதிக்கு ஆசனம் வேண்டாமா?

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஓர் ஆசனம் உண்டு. பொழுது முழுவதும் நின்று, நூறு வேட்டிகளைப் பிரித்து நூறையும் மடிக்கிறானே கடைப் பையன், அவனுக்கு உரியது அது. 2018-ல் கேரளமும் 2021-ல் தமிழ்நாடும் கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை தந்தே தீரவேண்டுமென்று சட்டம் செய்தன. கடைக்குப் படம் வரையும்போதே அந்த முக்காலிக்கும் இடம் விட்டு வரைய வேண்டும். கட்டி முடித்த பிறகு தேடினால், கல்லாவைத் தவிர வேறெதற்கும் அங்கே இடம் இராது.