விடியற்காலை விமானமும் வீட்டுக் கடிகாரமும்

காலை 6 மணிக்குச் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து புறப்படும் உள்நாட்டு விமானம் ஒன்றைப் பிடிக்க வேண்டியவர், வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்புவது உசிதம் என்பதே இன்றைய காணொளியின் விஷயம். கேட்பதற்கு இது அற்ப சங்கதி போலத் தோன்றலாம். ஆனால் முந்தின நாள் இரவு சாப்பாட்டு வேளையில் நம் குடும்பங்களில் இதைக் குறித்து நடைபெறும் விவாதத்தை ஒரு தடவையேனும் கேட்டவர்கள், தாத்தா ஒரு மணியும், மாமா ஒரு மணியும், பிரயாணம் போகிறவர் வேறொரு மணியும் சொல்ல, ஒருவர் கணக்குக்கும் மற்றவர் கணக்குக்கும் இரண்டு மணி நேரம் வித்தியாசம் இருப்பதைக் கவனித்திருப்பார்கள். ஒருவர் சாலையை மாத்திரம் கணக்கில் எடுத்துக்கொள்கிறார், மற்றவர் விமான நிலையக் கட்டடத்தையும் சேர்த்து எண்ணுகிறார், வித்தியாசம் அவ்வளவுதான். கட்டடத்தை எண்ணுகிறவரின் கட்சியே என் கட்சி. அதற்கான நியாயங்களை நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த 6 மணி என்பது எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். விமானம் தான் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரம் அது. பிரயாணி ஏறுகிற வாயிலைப் பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கு 25 நிமிஷம் முன்பாகவே, அதாவது 5.35க்கே, சாத்திவிடுகின்றன. பெட்டியை ஒப்படைக்கும் கவுன்டரோ புறப்பாட்டுக்கு 60 நிமிஷம் முன்பாக, அதாவது 5 மணிக்கு, மூடப்படுகிறது. ஆகவே, கையில் பெட்டி வைத்திருக்கிறவருக்கு உண்மையான விமான நேரம் 5 மணிதான் என்பதையும், சீட்டில் அச்சான 6 மணி விமானிக்கும் விமானத்துக்கும் உரியது என்பதையும் மனத்தில் ஊன்றிக்கொண்டு, கைபேசியில் அலாரம் வைக்கும்போதும், டாக்சிக்காரரிடம் பேசும்போதும், வீட்டாரிடம் சொல்லும்போதும் அந்த 5 மணியையே சொல்லிப் பழகுவது நல்லது. “ஆறு மணிக்கு ஃபிளைட்” என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், கேட்டவர்கள் எல்லோரும் ஆறிலிருந்து கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள்.

விடியற்காலை விமானத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. பகலில் பறக்கும் விமானம் வேறோர் ஊரிலிருந்து வந்து, ஆட்களை இறக்கி, சுத்தம் செய்து, எண்ணெய் நிரப்பிக்கொண்டு மறுபடி கிளம்ப வேண்டியிருப்பதால், காலையில் எங்கோ ஏற்பட்ட பத்து நிமிஷத் தாமதம் ஒவ்வோர் ஊராகச் சேர்ந்து சாயங்காலத்தில் ஒரு மணி நேரமாக வளர்ந்து நிற்பது சகஜம். பிந்தி வந்த எத்தனையோ பேரை அந்தத் தாமதம் காப்பாற்றியும் இருக்கிறது. நாளின் முதல் விமானமோ பெரும்பாலும் முந்தின இரவே வந்து இங்கேயே தங்கிவிடுகிறது. அது யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. சொன்ன சமயத்துக்குப் புறப்படுவதில் அதற்கு இருக்கும் ஒழுங்கு மாலை விமானத்துக்கு இல்லை. விமானம் தரையில் நிற்கிற ஒவ்வொரு மணியும் நிறுவனத்துக்கு நஷ்டம் என்பதால், இரவில் தங்கிய விமானங்கள் அநேகமாக எல்லாமே 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பப்படுகின்றன. டெல்லிக்குப் போகிறவரும், மும்பைக்குப் போகிறவரும், கொல்கத்தாவுக்குப் போகிறவரும் ஒரே வேளையில் ஒரே பரிசோதனை வரிசையில் வந்து நிற்பது இந்தக் காரணத்தினால்தான்.

அதிகாலை மூன்று மணிக்கு, விமான நிலையத்துக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாலையில் முக்கால் மணி நேரம் பிராணனை வாங்குகிற கத்திப்பாரா சந்திப்பை அந்த நேரத்தில் சில நிமிஷங்களில் கடந்துவிடலாம். சாலை அவ்வாறு காலியாக இருப்பதைக் கண்டு, விமான நிலையமும் காலியாக இருக்கும் என்று மனம் தானாக முடிவு கட்டிக்கொள்கிறது. ஊர் உறங்குகிற அந்த நேரத்தில்தான் அந்தக் கட்டடம் விழித்துக்கொண்டு, நாளிலேயே மிக நெரிசலான கட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்பது பலருக்கு அங்கே போய் நின்ற பிறகே புலப்படுகிறது. சாலையில் மிச்சமான அரை மணியைத் தூக்கத்துக்குக் கொடுக்காமல், அப்படியே கட்டடத்துக்குக் கொடுத்துவிடுங்கள். நான் சொல்ல விரும்புகிற யோசனை இது ஒன்றுதான். மற்றவை இதன் விவரங்கள்.

கட்டடத்துக்குள் நேரம் எங்கே கரைகிறது? திரையில் இப்போது தெரிவது சென்னை விமான நிலையத்தின் வரைபடம். இங்கே உள்நாட்டு விமானங்கள் 1ஆம் முனையத்திலிருந்தும் 4ஆம் முனையத்திலிருந்தும் கிளம்புகின்றன. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட 2ஆம் முனையம் வெளிநாட்டு விமானங்களுக்கு உரியது. எந்த முனையம் என்பதைச் சீட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளாமல், டிரைவர் நிறுத்திய இடத்தில் இறங்கிவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவர்களை எந்த விடியற்காலையிலும் காணலாம். வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் சீட்டையும் அடையாள அட்டையையும் ஒத்துப்பார்க்கிறார்கள். நம்மவர்களுக்கு இங்கே ஒரு பிரத்தியேகச் சங்கடம் உண்டு. ஆதாரில் முன்னெழுத்து மாத்திரம் இருக்கும். சீட்டு வாங்கிக் கொடுத்த பிள்ளையோ தகப்பனார் பெயரை முழுவதும் விரித்துப் போட்டிருப்பான். படையினர் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள் என்றாலும், அதை விளக்கிக்கொண்டு நிற்பதற்கும் நேரம் ஆகத்தான் ஆகும்.

அடுத்தது பெட்டி. பவர் பேங்க் என்கிற அந்தச் சிறிய மின்கலப் பெட்டி கைப்பையில்தான் இருக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டால், எக்ஸ்ரேயில் அகப்பட்டு, உங்களை அழைத்துப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். இதற்கு நேர்மாறாக, மகள் வீட்டுக்கு என்று அம்மா பரிவோடு கட்டிக் கொடுத்த எண்ணெய் மிதக்கும் ஆவக்காய் ஊறுகாயும், கெட்டியாகாத நெய்யும் கைப்பையில் இருந்தால் பரிசோதனை மேஜையிலேயே நின்றுவிடும். அவற்றைப் பெட்டிக்குள் வைப்பதே சரி. கொப்பரையோ எளிதில் தீப்பற்றும் வஸ்து என்று கருதப்படுவதால், அதைக் கொண்டுபோவது வீண் வில்லங்கம். சபரிமலை யாத்திரைக் காலத்தில் இருமுடியிலுள்ள தேங்காயைக் கையிலேயே கொண்டுசெல்ல அண்மை ஆண்டுகளில் தற்காலிக அனுமதி தந்துவருகிறார்கள் என்பது நம் ஊர்ப் பக்தர்களுக்கு ஒரு சௌகரியம்.

வீட்டிலேயே முடித்துக்கொள்ளக் கூடிய காரியங்களும் உண்டு. பெரும்பாலான நிறுவனங்களில் வெப் செக்-இன் 48 மணி நேரம் முன்பே திறந்துவிடுகிறது. கைப்பை மாத்திரம் உள்ளவர் இதைச் செய்துவிட்டால், கவுன்டர் பக்கமே போக வேண்டியதில்லை. நம் முன்னோரிடம் பரஸ்தானம் என்றொரு சம்பிரதாயம் இருந்தது. புறப்பட வேண்டிய நாளில் நல்ல நேரம் வாய்க்காவிட்டால், அதற்கு முன்பே ஒரு சுபவேளையில் துணி மூட்டையொன்றை அண்டை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, பிரயாணம் தொடங்கிவிட்டதாகவே பாவித்துக்கொள்வார்கள். வெப் செக்-இன் ஏறக்குறைய அந்தப் பரஸ்தானமேதான். ஒரே ஓர் எச்சரிக்கை: பெட்டி ஒப்படைக்க வேண்டியிருந்தால் பரஸ்தானம் செல்லாது, அந்த 5 மணிக் கெடு உங்களுக்கும் உண்டு. 2022 டிசம்பர் 1ஆம் தேதி டெல்லி, பெங்களூரு, வாரணாசி ஆகிய நிலையங்களில் ஆரம்பமாகிப் பிற்பாடு சென்னைக்கும் வந்த டிஜியாத்ரா ஏற்பாட்டில், முகத்தைக் காட்டியே வாசலைக் கடந்துவிடலாம். ஆனால் ஆதாரைப் பதிந்து, போர்டிங் பாஸை அந்தச் செயலியில் ஏற்றி வைக்கும் வேலையை முந்தின இரவே முடித்திருக்க வேண்டும். அதிகாலையில் வாசலில் நின்றுகொண்டு ஓ.டி.பி.க்குக் காத்திருப்பவரைப் பார்க்கிலும் பழைய வரிசையில் நிற்பவரே சீக்கிரம் உள்ளே போவார்.

இனி சாலைக்கு வருவோம். விமான நிலையத்து வாசலிலேயே மெட்ரோ வந்து நிற்கிறது; 2016 செப்டம்பரில் திறக்கப்பட்ட அந்த நிலையம் பகல் பிரயாணிகளுக்கு மகத்தான வசதி. ஆனால் மெட்ரோ ஓடத் தொடங்குவது காலை 5 மணிக்கு. நம் கவுன்டர் மூடுவதும் 5 மணிக்கு. திரிசூலம் ரயில் நிலையம் எதிரிலேயே இருந்தாலும், மின்ரயில்களும் 4 மணியை ஒட்டித்தான் புறப்படத் தொடங்குகின்றன. ஆகவே 6 மணி விமானத்துக்கு வாடகைக் காரோ, சொந்தக்காரரின் காரோதான் கதி. கைபேசிச் செயலியில் முந்தின நாளே வண்டியைப் பதிவு செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அநேக செயலிகள் டிரைவரைத் தேடத் தொடங்குவது கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்புதான். தூக்கக் கலக்கத்தில் அவர் மறுத்துவிட்டால் இன்னொருவரைத் தேட வேண்டும். தெருமுனை ஆட்டோக்காரரிடமோ, பழகின டாக்சிக்காரரிடமோ முந்தின சாயங்காலம் வாய்வார்த்தையாகச் சொல்லி வைப்பதில் இருக்கிற உறுதி அதில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கவுன்டர் மூடுவது 5 மணி. அதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, 4 மணிக்கு, முனையத்தின் வாசலில் நிற்க வேண்டும். மயிலாப்பூரிலிருந்து அந்த நேரத்தில் அரை மணி போதும். வண்டி கிடைப்பதில் ஏற்படக்கூடிய கோளாறுக்கு இன்னொரு அரை மணி சேர்த்து, 3 மணிக்குக் கிளம்பினால் சரி. பிரம்ம முகூர்த்தத்துக்கும் முன்னால் எழுந்தாக வேண்டும் என்பது கஷ்டம்தான். ஆனால் ராகு காலம் சூரியோதயத்துக்குப் பிறகே வருவதால், பாட்டியிடமிருந்து ஆட்சேபணை கிளம்பாது. காஞ்சிபுரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மணி நேரம் ஒதுக்கி 2 மணிக்குக் கிளம்ப வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். நள்ளிரவு 12 மணிக்கே புறப்படுவது நல்லது. அதிலும் திண்டிவனம் வழியாக வருகிறவர்கள் கிழமையைப் பார்க்க வேண்டும். பொங்கலோ, தீபாவளியோ, தொடர் விடுமுறையோ முடிந்து மறுநாள் விடிகிற வேளையில், தென்மாவட்டங்களிலிருந்து திரும்பும் பஸ்களும் கார்களும் பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் வரையில் நகர்ந்து நகர்ந்து வரும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, அரசு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் அங்கிருந்து விமான நிலையம் போக வேறு வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். விடுமுறை முடிகிற அப்படிப்பட்ட நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து, துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரத்துக்குப் போகும் ரேடியல் சாலையில் திரும்புவது மேல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதைகள் நிறைந்துவிட்டால் சுற்றுவழி போக வேண்டிவரும். அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். போகியன்று விடியற்காலையில் ஊரெங்கும் பழம்பாயும் டயரும் எரிகிற புகை பனியோடு சேர்ந்து ஓடுபாதையையே மறைத்துவிடுவது உண்டு. 2018ஆம் ஆண்டுப் போகியன்று வந்த விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. விமானம் தாமதமாகத்தான் கிளம்பும் என்று எண்ணி அன்றைக்கு வீட்டிலிருந்து மெதுவாகப் புறப்படுவது பெரிய தவறு. விமானம் தாமதமாகலாம், கவுன்டர் மூடும் நேரம் அதற்குத் தக்கபடி தள்ளிப்போகும் என்பது நிச்சயமில்லை.

தேதியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த விளக்கம் பூர்த்தியாகாது. நம் பஞ்சாங்கத்தில் நாள் சூரியோதயத்தில் பிறக்கிறது. விமான நிறுவனத்தின் நாள் நள்ளிரவு 12 மணிக்குப் பிறக்கிறது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூர் முதலிய கீழ்த்திசை நாடுகளுக்கும் நள்ளிரவைத் தாண்டியே பல விமானங்கள் கிளம்புகின்றன. 15ஆம் தேதி 00.40 என்று சீட்டில் கண்டவர், 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், விமானம் போய் ஏறக்குறைய ஒரு முழு நாள் கழிந்திருக்கும். 14ஆம் தேதி இரவு 9.30க்கே அவர் 2ஆம் முனையத்தில் இருந்திருக்க வேண்டும். ஏனெனில் வெளிநாட்டுப் பிரயாணத்துக்குக் குடியேற்றச் சோதனை, விசா சரிபார்ப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம் வேண்டும். சீட்டு வாங்கிய அன்றே, “14ஆம் தேதி ராத்திரி” என்று வீட்டு நாட்காட்டியில் எழுதி வைத்துவிடுங்கள்.

இவ்வளவுக்கும் மேல் தவறிப்போனால்? நிறுவனத்தின் பிழையால் இடம் மறுக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு உண்டு; தாமதமாக வந்தவருக்குக் கிடையாது, மலிவுச் சீட்டானால் கட்டணமும் போய்விடும். ஆனால் சீட்டின் விலைக்குள் சேர்த்து வாங்கப்பட்ட வரிகளையும், விமான நிலைய உபயோகக் கட்டணத்தையும், பிரயாணம் செய்யாதவருக்கு நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. பலர் அதைக் கேட்பதே இல்லை. தொகை சிறிதானாலும் உங்களுடைய பணம். எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.