காதிலா, மூளையிலா?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்றது. அதனைச் சுற்றியுள்ள பகுதிகளில் விசைத்தறிகள் பல ஓடுகின்றன. தறிக்கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவதுண்டு. ஆண்டுக்கணக்கில் அதைக் கேட்டவர்களுள் சிலருக்கு, தறி நின்ற பின்னும் காதில் 'கொய்ங்' என்ற ஓசை நிற்பதில்லை. அருகில் இருப்பவருக்கோ எதுவும் கேட்காது. "எல்லாம் உன் பிரமை" என்று வீட்டார் சொல்லிவிடுவார்கள். காதிரைச்சல் எனப்படும் இது உண்மையில் பிரமைதானா?

நம் உட்செவியில், நத்தை ஓடு போன்ற உறுப்பினுள் நுண்ணிய மயிர்ச் செல்கள் உள்ளன. இவை ஒலி அதிர்வை மின் துடிப்பாக மாற்ற, செவி நரம்பு அதை மூளைக்குக் கொண்டு செல்கிறது. பேரிரைச்சலால் அழிந்த மயிர்ச் செல்கள் மீண்டும் முளைப்பதில்லை. எனவே கோளாறு காதில்தான் என்று பலரும் எண்ணினர்.

1935இல் நோபல் பரிசாளர் ராபர்ட் பாரானி, மூக்கில் மரப்பு ஊசி போட்ட நோயாளிக்குக் காதிரைச்சல் தணிந்ததைக் கண்டார். பின்னர், லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் சிரை வழியாகச் செலுத்தியபோதும் பலருக்கு ஓசை சிறிது நேரம் அடங்கியது. மருந்து வேலை செய்தது எங்கே?

2005இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இதற்கு விடை தேடினர். கட்டியை அகற்றும் அறுவையில் செவி நரம்பு துண்டிக்கப்பட்டும் இரைச்சல் ஓயாதவர்களுக்கு ஒருமுறை லிடோகெய்னும், மறுமுறை வெறும் உப்பு நீரும் செலுத்தினர். எது எந்த ஊசி என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. மருந்து கிடைத்தது என்ற நம்பிக்கையே ஓசையைக் குறைத்துவிடக் கூடாதல்லவா? லிடோகெய்ன் செலுத்தியபோதே இரைச்சல் நன்கு குறைந்தது. கம்பி அறுந்த தொலைபேசியில் பேச்சு வராது. ஆகவே, அந்த ஓசை மூளையில்தான் இருந்திருக்க வேண்டும்!

காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது, மூளை தன் உணர்திறனைக் கூட்டுகிறது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. நிலையம் சரியாகக் கிடைக்காத வானொலியில் ஒலியளவைக் கூட்டினால் இரைச்சல் மிகுமே, அதுபோல! கையை இழந்தவர் இல்லாத கையில் வலியை உணர்வதும் இத்தகையதே. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் அதை விரிவாக ஆராய்ந்தவர்.

லிடோகெய்னின் பயன் விரைவில் மறையும். இதயத் துடிப்பையும் அது பாதிக்கலாம். ஆதலால் அது சிகிச்சையாகவில்லை. காதிரைச்சலை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும், தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

மாணவர்களே! தறிக்கூடத்தில் காதடைப்பான் அணிவதும், காதொலிப்பானில் ஒலியைக் குறைத்துக் கேட்பதும் செல்களைக் காக்கும். வீட்டில் யாரேனும் காதில் ஓசை என்றால், பிரமை என்று தள்ளாமல் காது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.