உறவும் விசாவும்

அந்நிய நாட்டார் பற்றிய சட்டம் என்றவுடன், அது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று பக்கத்தைத் திருப்பிவிட எண்ணும் அன்பர்கள் சிலர் இருக்கக்கூடும். சுற்றுலா வரும் வெளிநாட்டாருக்கும், இங்கு படிக்க வரும் பிற தேசத்து மாணவருக்கும் உரிய சட்டம் அது என்பது பலரது எண்ணம். நம் சங்கத்துக் குடும்பங்களைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். தஞ்சையையும் நெல்லையையும் விட்டு நாம் வடக்கே வந்தோம். நம் மக்களோ கடல் கடந்து சென்றனர். அங்கே பிறந்து அந்நாட்டுப் பாஸ்போர்ட் பெற்ற பேரன், விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வருகிறான். அவன் தமிழ் பேசுவான். பாட்டி பிசைந்து தரும் தயிர்ச் சாதத்தை விரும்பி உண்பான். எனினும் இந்தியச் சட்டத்தின் பார்வையில் அவன் அந்நிய நாட்டான். சட்டம் முகத்தையும் மொழியையும் பார்ப்பதில்லை. காகிதத்தையும் தேதியையுமே பார்க்கிறது. இதனை உணராத குடும்பங்களே பின்னர் அல்லலுறுகின்றன.

ஒரே சீட்டில் சென்ற காலம்

எல்லையைக் கடப்பது எளிதாயிருந்த காலமும் ஒன்று உண்டு. 1914-ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் ஏறிய பிரயாணி தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னார் வரை நீராவிக் கப்பலிலும், பின்னர் மீண்டும் ரயிலிலுமாகக் கொழும்பு சென்றடைந்தார். ‘போட் மெயில்’ என்று மக்கள் அழைத்த அந்த வண்டியை நம் முதியோர் இன்றும் மறந்தாரில்லை. இரு கரைகளும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தமையால் அது இயன்றது.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட பிரஜா உரிமைச் சட்டத்தால், மலைநாட்டுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த இலட்சக்கணக்கான தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடித் தண்டவாளத்தை அழித்தது. ஆனால் புயல் வருமுன்னரே சட்டம் அப்பாதையை இரண்டாகத் துண்டித்துவிட்டது. காகிதம் இல்லாதவன் கதி என்னவாகும் என்பதற்கு நம்மினத்தாரின் வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இன்றைய சட்டம்

இந்தியாவுக்குள் வரும் அந்நியரை ஆள நெடுங்காலம் நான்கு சட்டங்கள் இருந்தன. 1920-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 1939-ஆம் ஆண்டின் அந்நியர் பதிவுச் சட்டம், 1946-ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம், 2000-ஆம் ஆண்டில் விமான, கப்பல் கம்பெனிகளின் பொறுப்புக் குறித்து வந்த சட்டம் என்பன அவை. முதல் மூன்றும் வெள்ளையர் ஆட்சியில் பிறந்தவை. இந்நான்கையும் நீக்கி, 2025-ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் அந்நியர் சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ விசாவோ இன்றி நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது 5 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலிக் காகிதம் காட்டினால் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறையும், 1 இலட்சம் முதல் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதமும். விசாக் காலம் கடந்தும் தங்கியிருந்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது 3 இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்னொன்றையும் கருத்திற் கொள்ளவேண்டும். ஒருவர் அந்நியரா அல்லரா என்ற கேள்வி எழுந்தால், ‘அல்லேன்’ என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சாரும். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதுவே விதி.

சீட்டும் தங்கும் நாளும்

பாஸ்போர்ட் என்பது, ஒருவர் இன்னார், இன்ன நாட்டார் என்று அவருடைய சர்க்கார் தரும் சான்று. விசா என்பது, ‘வரலாம்’ என்று நம் சர்க்கார் தரும் இசைவு. அவ்விசைவு எதற்காக, எத்தனை நாளுக்கு என்பதும் அதிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். ‘பத்தாண்டு விசா இருக்கிறதே, எத்தனை மாதம் தங்கினால் என்ன?’ என்று கேட்கின்றனர். ரயில்வேயில் சீட்டையும் தேதியையும் பார்த்தே பழகிய நாம் ஓர் உவமை கூறுவோம். சீஸன் டிக்கெட் மாதம் முழுதும் செல்லும். அதற்காக அம்மாதம் முழுதும் பிளாட்பாரத்திலேயே படுத்திருக்க முடியுமா? விசா செல்லும் காலம் வேறு. ஒருமுறை வந்தால் தங்கத்தக்க நாட்கள் வேறு. இரண்டையும் தனித்தனியே படித்துப் பார்த்தல் வேண்டும்.

180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வருவோர், விசாவில் வேறு விதமாகக் குறிப்பிடப்படாவிடில், வந்த 14 நாட்களுக்குள் அந்நியர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். இன்று இதனை இணையவழியிலேயே செய்யலாம். நோய் முதலிய காரணத்தால் கூடுதலாகத் தங்க நேர்ந்தால், தேதி முடியுமுன் மனுச் செய்க. தேதி கடந்தபின் கொடுக்கும் மனுவுக்கும், முன்னர்க் கொடுக்கும் மனுவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அறை வாடகைக்கு விடும் நம்மவர்க்கும் ஒரு கடமை உண்டு. வெளிநாட்டார் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவ்வலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

பெட்டியில் உறங்கும் சான்றுகள்

அடிக்கடி வந்து போகும் பேரப்பிள்ளைகளுக்கு ஏற்றது, 2005-ஆம் ஆண்டு முதல் உள்ள ஓ.சி.ஐ. அட்டை. இதைப் பெற்றவர் ஆயுள் முழுதும் விசாவின்றி வரலாம். பதிவு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஆனால் வாக்குரிமை இல்லை. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வெளிநாட்டு மருமகளோ மருமகனோ பெற விரும்பின், திருமணம் பதிவாகி இரண்டாண்டு கடந்திருத்தல் வேண்டும்.

இவ்வட்டைக்குப் பெற்றோரோ பாட்டனாரோ இந்தியராயிருந்தமைக்குச் சான்று வேண்டும். மகனுடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட்டை, ‘காலாவதியானதுதானே’ என்று கருதி எறிந்துவிடாதீர்கள். காலாவதியான அப்புத்தகமே பேரனுக்குக் கதவு திறக்கும் சாவி.

தமிழர்க்கே உரிய தொல்லை மற்றொன்று, முன்னெழுத்து. குடும்பப் பெயர் நம் வழக்கத்தில் இல்லை. தந்தையின் பெயரை ஓரெழுத்தாக்கி முன்னே வைக்கிறோம். பள்ளிச் சான்றிதழில் ‘எஸ். இராமன்’, பாஸ்போர்ட்டில் ‘இராமன் சுப்பிரமணியன்’, அயல்நாட்டுப் பிறப்புச் சான்றிதழிலோ தந்தை பெயர் ‘சுப்பிரமணியன் இராமன்’. மூவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். மேஜைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு எவ்வாறு தெரியும்? ஆதலின் குழந்தை பிறக்குமுன்னரே, பெற்றோர் இருவரும் எல்லாச் சான்றுகளிலும் தம் பெயரை ஒரே வடிவில் அமைத்துக்கொள்வது அறிவுடைமை.

விலக்குப் பெற்றோர்

நேபாளத்தாரும் பூடானியரும் தத்தம் நாட்டிலிருந்து நேரே வரும்போது விசா வேண்டுவதில்லை. வட இந்திய ரயில்களில் நாம் அன்றாடம் காணும் நேபாளத் தொழிலாளி சட்டப்படியே வந்தவர் என்பதை அறிந்து, அவரை மரியாதையுடன் நடத்துவோமாக.

2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரும், பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கப்பட்டனர். இது நெஞ்சுக்கு ஆறுதலே. எனினும் தண்டனை இல்லை என்பது வேறு, பிரஜை என்பது வேறு. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோருள் ஒருவர் சட்டவிரோதமாகக் குடிபுகுந்தவர் என்று கருதப்பட்டாலும், இந்திய மண்ணில் பிறந்த குழந்தை பிறப்பால் பிரஜை ஆவதில்லை. முகாமில் பிறந்து இந்த மண்ணையன்றி வேறு மண்ணை மிதித்தறியாத பிள்ளைகள் பலர் இதனால் நாடின்றி நிற்கின்றனர். 1948-இல் தோட்டத் தமிழர் எழுப்பிய அதே கேள்வியைத்தான் இவர்களும் எழுப்புகின்றனர். இதற்கு விடை காண்பது சர்க்காரின் கடமை. மறவாது கேட்டுக்கொண்டிருப்பது நம் போன்ற சங்கங்களின் கடமை.

வீட்டளவில் நாம் செய்யத்தக்கது சிறிதே. பேரன் வந்து இறங்கிய அன்றே, அவன் திரும்ப வேண்டிய கடைசித் தேதியைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். பழைய சான்றுகளை ஒரு பையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். அவ்வாறு செய்துவிட்டால், மீதி நாட்களில் அவனுக்குக் கதை சொல்ல உங்களுக்கு நிம்மதியாக நேரம் கிடைக்கும்.