இளைத்துச் செத்த கோழி

ஒரே வாரத்தில் பத்துக் கோழி விழுந்தால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, இரண்டு மூன்று நாளில் சாகிறதென்றால் பெரும்பாலும் அது கோழிக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய்தான். மற்றதெல்லாம் நன்றாக மேய்ந்துகொண்டிருக்க, ஒரு பெட்டை மட்டும் மாதக்கணக்கில் இளைத்து, விட்டுவிட்டுக் கழிந்து, ஒருநாள் காலையில் கூண்டு மூலையில் கிடந்தால்? அதையும் கழிச்சல் கணக்கில் சேர்த்துப் புதைத்துவிடுகிறோம். வயிறு கழிவது அடையாளம் மட்டுமே. நோய் குடலில் இருக்கலாம், குடலுக்கு வெளியேயும் இருக்கலாம். அறுத்துப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது.

அறுப்பதற்கு முன்பே உடல் கொஞ்சம் பேசும். இறகு மறைத்துவிடுவதால் கோழி இளைப்பது கண்ணுக்குத் தெரியாது. கை வைத்தால்தான் தெரியும். மார்பின் நடு எலும்பு இருபுறமும் சதையில்லாமல் கத்திமுனையாகக் குத்தினால், அது நாள்பட்ட நோய். கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையையும் தடவிப் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த கோழிக்குக் காலையில் அது காலியாக இருப்பதே முறை. கெட்டியாக நிறைந்திருந்தால் நீளப் புல்லோ சாக்கு நூலோ அடைத்திருக்கலாம். கொழகொழவென்று புளித்த வாடை அடித்தால் பூஞ்சைத் தொற்று.

செத்த கோழியை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உறையும்போது செல்கள் சிதைந்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் பார்த்துப் பயனில்லை. சோப்புத் தண்ணீரில் இறகை நனைத்து, பையில் கட்டி, ஐஸ் வைத்து, அன்றே கால்நடை மருத்துவரிடம் சேர்ப்பது நல்லது. மாவட்டங்களில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுகள் இருக்கின்றன. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. பல கோழிகள் திடீரென்று செத்தால் மட்டும் கத்தியைத் தொடவே வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும், தகவல் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.

மேசையில் கிடத்தி வயிற்றைத் திறந்தால் முதலில் ஈரல், பிறகு அரைவைப்பை, பிறகு குடல். அரைவைப்பையை வெட்டும்போது உள்ளே கல்லோடு கல்லாக ஆணியோ கம்பித் துண்டோ கிடைப்பதுண்டு. கோழி எதையும் கொத்தும். அந்தக் கம்பி சுவரைத் துளைத்து வெளியே வந்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

பெரும்பாலும் அப்படி முடிவதில்லை. குடலின் வெளிப்பக்கம் சிறு சிறு முடிச்சுகள் தென்படும். இங்கேதான் இரண்டு நோய்கள் ஒரே முகத்தோடு நிற்கின்றன. ஒன்று நாடாப்புழு. ரைலிட்டினா எக்கினோபோத்ரிடா என்ற வகையின் இளம்புழுவை எறும்புகள் சுமக்கின்றன; எறும்பைக் கொத்தும் கோழிக்குள் அது 25 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, தலையைக் குடல் சுவரில் புதைத்துக்கொள்கிறது. புதைந்த இடமெல்லாம் முடிச்சு. இன்னொன்று பறவைக் காசநோய். மைக்கோபாக்டீரியம் ஏவியம் என்ற கிருமியால் வருவது. பண்ணைக் கோழி இந்த நோய் முற்றும் வயதை எட்டுமுன் விற்பனைக்குப் போய்விடும் என்பதால், வருடக்கணக்கில் கோழியை வைத்திருக்கும் புறக்கடைக்காரர்தான் இதை அதிகம் சந்திக்கிறார். நன்றாகத் தின்னும், ஆனாலும் இளைக்கும்.

குடலை நீளவாக்கில் கீறித் தண்ணீரில் அலசினால் பாதி விடை கிடைக்கும். முடிச்சுக்கு நேராக உட்பக்கம் புழுத்தலை ஒட்டியிருந்தால் நாடாப்புழு. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையிலும் சாம்பல் மஞ்சளில் முடிச்சுகள் இருந்தால் காசநோய் பக்கம் சாய வேண்டும். புழு அங்கெல்லாம் முடிச்சு போடாது. மீதி பாதியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வகம்தான் உறுதிசெய்யும். அது வரும்வரை யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது என்பேன்.

குடல் குற்றவாளியே அல்லாத சாவும் உண்டு. வயிற்றில் நீர் கட்டி, குடல் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே கடுகளவு வெண்கட்டிகள் சிதறியிருக்கும். அவை சினைப்பையிலிருந்து வந்தவை, புற்றுநோய். கோழிக்கு இடப்பக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்கிறது. அது ஓயாமல் முட்டைக்கரு விட்டுக்கொண்டிருப்பதால் இரண்டு வயதுக்கு மேல் இந்த நோய் தலைகாட்டுகிறது. பெண்களின் சினைப்பைப் புற்றை ஆராய்பவர்கள் கோழியை மாதிரியாக எடுத்துக்கொள்வதும் இதனால்தான். ஆண்டுக்கு 60, 80 முட்டையிடும் நாட்டுக்கோழியைவிட, 300 இட்டு ஓய்ந்து பண்ணையிலிருந்து கழித்துவிடப்பட்ட கோழியில் இதை முதலில் சந்தேகிக்கலாம். கட்டிகள் குடலை நெருக்க, இரை நகராமல் தேங்கும். வெளியே தெரிவதென்னவோ வெறும் வயிற்றுக் கோளாறு.

காரணம் தெரிந்த பிறகு செய்ய வேண்டியது நோய்க்கொரு மாதிரி. காசநோய்க் கிருமி மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். கோழிக்கு வைத்தியம் பார்ப்பதில்லை, மந்தையையே கழித்துக் கூண்டை வேறு மண்ணுக்கு மாற்றச் சொல்வார்கள். நாடாப்புழு என்றால் மருத்துவர் எழுதும் மருந்தை எல்லாக் கோழிக்கும் கொடுக்கலாம். எறும்பு இருக்கும்வரை திரும்பவும் வரும். சினைப்பைப் புற்று ஒட்டுவதில்லை, மற்ற கோழிகளுக்கு எந்த மருந்தும் வேண்டாம்.