வாடையோடு வரும் பறவைகள்

கல்முனைக் கரையில் மாரி நெருங்குவதை அறிய நாட்காட்டி வேண்டியதில்லை. புரட்டாதி கழியுமுன்னரே மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக வந்தமர்ந்துவிடும். பின்னொருநாள் அந்தியில், வேலியோரப் பற்றையிலிருந்து இரட்டைச் சீழ்க்கையொலி எழும். அதுதான் ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் கூவுவதால் அப்பெயர் பெற்றது. பச்சை முதுகும் செந்நிற அடிவயிறும் கொண்ட இச்சிறு பறவை, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, இரவுகளிற் பறந்து நம் நாட்டை அடைகிறது. களைப்பினால் சிலவேளை வீட்டுத் தாழ்வாரத்திலும் விழுந்து கிடக்கும். நேயர்களே, அவ்வாறு ஒன்றைக் கண்டால் பூனைக்கு எட்டாமல் ஒரு பெட்டியில் வைத்துச் சற்றே ஆறவிட்டு, வெளியே விட்டுவிடுங்கள். தன் வழியைத் தானே அறியும்.

இப்பறவைகள் குளிருக்கு அஞ்சி வருகின்றன என்பர் பலர். அது பாதி உண்மையே. குளிரினும் பசியே பெருங்காரணம். வடநாடுகளில் நீர் உறைந்து புழுபூச்சிகள் அற்றுப்போக, அவை இரை தேடித் தெற்கு நோக்குகின்றன. இலங்கையோ அவற்றின் வான்வழிக்குத் தென்முனை. இதற்கப்பால் தென்துருவக் கண்டம் வரை பெருநிலம் ஏதுமில்லை. 2021இல் மன்னாரில் செயற்கைக்கோட் கருவி பொருத்தப்பெற்ற கடற்காகம் ஒன்று, வடதுருவத்தை அண்டிய ரஷ்யப் பகுதிவரை சென்று அவ்வாண்டே மன்னாருக்கு மீண்டது.

நமது சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளில் பெரும்போக வேளாண்மை தொடங்குவதும் இக்காலத்திலேயே. நீர் கட்டிய வயல்களின் மேல் ஆலாக்கள் தாழப் பறந்து பூச்சிகளைக் கவ்வும். கூலி கேளாத காவலர்! கல்முனைக்கு மேற்கே கிட்டங்கிப் பக்கம் சென்றால் இன்னொரு காட்சி. வடக்கே பங்குடாவெளியிலிருந்து 56 கிலோமீற்றர் நீண்டு வரும் மட்டக்களப்பு வாவி, தெற்கே கல்முனையளவில் முடிகிறது. மார்கழி வெள்ளத்தில் வாவி ததும்பும்போது நீள்காற் பறவைகளுக்குக் கால் பதிக்க இடமிராது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நீந்தும் காலம் அது. மாசி, பங்குனியில் நீர் வற்றிச் சேறு வெளிப்பட்டதும் கருவால் மூக்கன்களும் உள்ளான்களும் கூடிவிடும். நெட்டலகு கொண்டது அடிச்சேற்றிலும் குற்றலகு கொண்டது மேற்சேற்றிலும் இரை தேடுவதால் அவற்றிடையே பூசல் குறைவு. நம்மவர் வரம்புத் தகராறுகளைக் கண்டவர்க்கு இது வியப்பாகவே தோன்றும்.

கூடுகட்டும் நீர்ப்பறவைகளுக்குப் பேர்பெற்ற குமண, 1938இலேயே சரணாலயமாயிற்று. ஊர்ப்புறத்துப் பள்ளங்களுக்கு அப்பேறு இல்லை. கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, நம் ஊர்களில் நிலம் அரிது. வீட்டுக்கு மண் வேண்டாமென எவரும் சொல்லார். ஆயினும் தோணாவையும் சதுப்பையும் குப்பை கொட்டி நிரப்புவதை நான் ஒப்பேன். பறவைக்கு இரையூட்டும் அப்பள்ளமே மழைவெள்ளத்தையும் ஏந்திக்கொள்கிறது. அதை அடைத்தால் வெள்ளம் வீட்டுக்குள்தான் வரும்.

ஆசிய நாடுகளில் 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகின்றனர். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கூரிய கண்ணும் குறிப்பேடும் பொறுமையும் போதும். எங்கள் பாடசாலை மாணவர் சிலர் குறிப்பேடு வைத்துள்ளனர். பறவையின் பெயரோடு நாள், இடம், நீர்மட்டம் ஆகியவற்றையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பத்தாண்டுக் குறிப்புச் சேர்ந்தால், எந்தப் பள்ளம் நிரப்பப்பட்ட பின் எந்தப் பறவை வராமற்போயிற்றென்று ஊரவர் முன் விரித்துக் காட்டலாம்.