கால் நொடிக்கு நடக்கும் சண்டை

2017 ஆகஸ்ட், கிளாஸ்கோ. உலக பேட்மிண்டன் சாம்பியன்ஷிப்பின் மகளிர் ஒற்றையர் இறுதிப் போட்டியில் இந்தியாவின் பி.வி.சிந்துவும் ஜப்பானின் நொசோமி ஒகுஹாராவும் 110 நிமிடங்கள் மோதினார்கள். 21-19, 20-22, 22-20 என்று ஒகுஹாரா வென்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து, சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அதே பட்டத்துக்கு அதே இருவர். இம்முறை 21-7, 21-7 என்று 38 நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது. பேட்மிண்டனில் உலக சாம்பியனான முதல் இந்தியர் என்ற பெருமை சிந்துவுக்குக் கிடைத்தது.

முந்தைய நாள் அரையிறுதியில் ஒகுஹாரா மூன்று கேம் வரை போராடியிருந்தார் என்பது உண்மைதான். ஆனால், களைப்பு மட்டுமே இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடாது. எந்த நேரத்தில் எந்த அடியை அடிப்பது என்ற சிந்துவின் தேர்வு மாறியிருந்தது. அந்தத் தேர்வுக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது.

காற்று போடும் தடை

இறகுப்பந்தான ஷட்டிலின் எடை ஐந்து கிராம் அளவுதான். கார்க்கில் செருகிய 16 இறகுகள் காற்றைத் தடுத்து நிற்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகிறது. அதனால்தான் எந்த விளையாட்டிலும் இல்லாத அளவு வேகத்தில் ராக்கெட்டைவிட்டுப் புறப்படும் ஷட்டில், எந்தப் பந்தும் தளராத அளவு சீக்கிரம் தளர்ந்துபோகிறது. கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. என்று 2023-ல் கின்னஸில் பதிவானது. அது ராக்கெட்டைவிட்டுப் புறப்படும் கணத்தின் வேகம். ஏறத்தாழ மூன்றேகால் மீட்டருக்கு ஒருமுறை ஷட்டிலின் வேகம் பாதியாகிறது. 300 கி.மீ. வேகத்தில் கிளம்பும் ஸ்மாஷ், ஆறரை மீட்டர் தாண்டும்போது 75 கி.மீ. அளவில்தான் இருக்கும்.

இதைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே 300 கி.மீ. ஸ்மாஷ் 8 மீட்டர் கடக்க ஏறத்தாழ கால் நொடி ஆகும். 9 மீட்டர் என்றால் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. தூரம் எட்டில் ஒரு பங்குதான் கூடுகிறது. நேரமோ ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. எதிராளியைப் பின்கோட்டுக்கு ஒரு மீட்டர் கூடுதலாகத் தள்ளிவிட்டால், அவருடைய ஸ்மாஷின் முனை அந்த அளவுக்கு மழுங்கிவிடும். பயிற்சியாளர்கள் "லெங்த், லெங்த்" (பின்கோடு வரை அடி) என்று ஓயாமல் கத்துவது இதற்காகத்தான்.

கடனும் வட்டியும்

வீரர்கள் டாஸ் என்று சொல்லும் உயரமான அடி புள்ளி எடுப்பதற்கு அல்ல, மூச்சுவிட்டுக்கொள்வதற்கு. ஷட்டில் கீழே விழும்போது மணிக்கு 24 கி.மீ. அளவுக்கு மேல் அதனால் வேகமெடுக்க முடியாது. ஆகவே நன்றாக உயர்த்தி அனுப்பினால் ஏறத்தாழ இரண்டு நொடி கிடைக்கும். கோர்ட்டின் நடுவுக்குத் திரும்பி நிற்க அது போதும். ஆனால் இந்த நேரம் கடனாக வருவது. எதிராளிக்கும் அதே இரண்டு நொடி கிடைக்கிறது. அவர் நிதானமாக ஷட்டிலுக்கு அடியில் வந்து நின்று, ஸ்மாஷா, வலையருகே மெல்ல இறக்கும் டிராப்பா என்று கடைசிக் கணம் வரை காட்டிக்கொடுக்காமல் அடிப்பார். அதுதான் வட்டி.

அதே டாஸைத் தாழ்வாக, எதிராளியின் ராக்கெட் எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே அனுப்பினால் கதை வேறு. அவருக்கு நேரம் குறையும். பின்னால் சாய்ந்தபடி அடிக்க வேண்டிவரும். ஆனால் கொஞ்சம் தாழ்ந்துபோனாலும் அவர் நடுவிலேயே பறித்துத் திருப்பிவிடுவார். அடிப்பவர் சமநிலையில் இருந்தால்தான் இந்தத் துணிச்சல் பலிக்கும்.

குறுக்கே அடிப்பதிலும் இதே சிக்கல்தான். குறுக்கு ஸ்மாஷ் போகவேண்டிய தூரம் அதிகம். வேகம் கூடுதலாகக் கரையும். எதிராளி அதை நேராகத் தட்டிவிட்டால், அடித்தவர் 5.18 மீட்டர் அகலக் கோர்ட்டின் மறுபக்கத்துக்கு ஓட வேண்டும். ஆகவே தேர்ந்த வீரர்கள் நேராக அடித்தே நெருக்குவார்கள். எதிராளி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று தெரிந்த பிறகே குறுக்கே திருப்புவார்கள்.

வலையோரத்தில் இன்னொரு இயற்பியல். கார்க் கனம், இறகு லேசு என்பதால் ஷட்டில் எப்போதும் கார்க் முன்னால் வரும்படி திரும்பிக்கொள்ளும். ராக்கெட்டால் அதன் ஓரத்தைச் சீவிவிட்டால் சிறிது தூரம் குட்டிக்கரணம் போட்ட பிறகே நிமிரும். அது நிமிரும்வரை எதிராளி காத்திருந்தால் ஷட்டில் வலையின் 1.524 மீட்டர் உயரத்துக்கு வெகு கீழே இறங்கிவிடும். பிறகு மேலே தூக்கிவிடுவதைத் தவிர வழியில்லை. தூக்கிய அந்த ஷட்டில்தான் அடுத்த ஸ்மாஷுக்குத் தீனி.

கிளாஸ்கோவிலிருந்து பாசெலுக்கு

ஒகுஹாரா உயரம் குறைந்தவர். எதையும் விடாமல் எடுத்துப்போடுபவர். இருவரும் மாறி மாறி அடிக்கும் ரேலி நீள நீள அவருக்குத்தான் லாபம். கிளாஸ்கோவில் அவர் விரும்பிய ஆட்டமே நடந்தது. இரண்டாவது கேமின் கடைசிப் புள்ளிக்கு மட்டும் 73 அடிகள். அந்தப் புள்ளி சிந்துவுக்குக் கிடைத்தது. ஆனால் மூன்றாவது கேமில் அந்த உழைப்பின் பாரம் அவருடைய கால்களில் இருந்தது.

பாசெலில் முதல் புள்ளி ஒகுஹாராவுக்கு. அடுத்த எட்டும் தொடர்ச்சியாகச் சிந்துவுக்கு. தன் 1.79 மீட்டர் உயரத்தை அவர் வலுவுக்கு மட்டுமல்லாமல், ஷட்டிலைச் சீக்கிரம் சந்திக்கவும் பயன்படுத்தினார். மேலே இருக்கும்போதே எட்டி அடித்தால் கோணம் செங்குத்தாகும். ஷட்டில் கடக்கும் தூரமும் குறையும். ஸ்மாஷுக்கு வந்த பலவீனமான பதிலை வலையருகே பாய்ந்து முடித்தார். ஒகுஹாராவின் கால்கள் நடுவுக்குத் திரும்பும் முன்பே அடுத்த ஷட்டில் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு ஓட்டத் திறன் இருந்தாலும், ஓடுவதற்கு நேரம் கிடைக்காவிட்டால் அது உதவாது.

தற்காத்து ஆடுவது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. கிளாஸ்கோவில் ஒகுஹாராவுக்குத் தங்கம் கொடுத்ததே அதுதான். யாருக்கு நேரம் தேவை, யாரிடமிருந்து நேரத்தைப் பறிக்க வேண்டும் என்று ஒவ்வோர் அடிக்கு முன்பும் முடிவெடுப்பதே ஒற்றையர் ஆட்டம்.

அடுத்தமுறை ஆட்டம் பார்க்கும்போது புள்ளியை முடித்த ஸ்மாஷை விட்டுவிட்டு, அதற்கு இரண்டு மூன்று அடிகளுக்கு முன்னால் தோற்றவரின் கால்கள் எங்கே நின்றன என்று கவனியுங்கள். பெரும்பாலும் புள்ளி அங்கேயே முடிவாகியிருக்கும். ஷட்டில் பழகும் பிள்ளைகள் முதலில் ஆசைப்படுவது ஸ்மாஷுக்குத்தான். அதைத் தாராளமாகக் கற்றுக்கொடுக்கலாம். பின்கோட்டு வரை துல்லியமாகத் தூக்கவும், ஷட்டில் தாழும் முன் சென்று சந்திக்கவும் அதற்கு முன்பே கற்றுக்கொடுத்தால், அந்த ஸ்மாஷ் அடிக்கத் தகுந்த இடத்தில் அவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள்.